டம்பர் ஓட்டத் தெரிந்தால் போதுமா? – திறந்தவெளிச் சுரங்க வேலை: வாசகர் கேள்வி, பதில்

போன மாதம் இதே பத்திரிகையில், சுரங்க வேலை பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று இரண்டு வரி போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "சம்பளம் எவ்வளவு, யாரைப் பிடிக்கணும்" ரகம். யாரையும் பிடிக்கத் தெரியாமலேயே ஓவர்மேனாக (சுரங்க மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் அவற்றைத் தள்ளிவைத்துவிட்டேன். மிச்சத்தில் உருப்படியானவை கீழே. எல்லாமே திறந்தவெளிச் சுரங்கம், கல்குவாரி பற்றியவை, நிலத்துக்கு அடியில் குடைந்து போகும் சுரங்கத்தின் கதை வேறு.

ஐயா, பல வருஷமாக டாரஸ் ஓட்டுகிறேன், ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் டம்பர் (மண்ணை ஏற்றிக் கொட்டும் ராட்சத வண்டி) ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். லாரி ஓட்டுபவனுக்கு டம்பர் எத்தனை நாளில் கைக்கு வரும்?
– பண்ருட்டி வாசகர்

கைக்கு வருவது பெரிய விஷயமே இல்லை தம்பி. பெரிய டம்பரில் கியர் தானாக மாறும், ஸ்டியரிங்கை அலட்டாமல் திருப்பலாம், டாரஸைவிட நோகாமல் ஓட்டலாம் என்றுதான் லாரியிலிருந்து மாறி வந்தவர்கள் சொல்வார்கள். ஆபத்தே அதில்தான். 100 டன் சுமக்கும் வண்டியில் சக்கரம் மட்டுமே ஒன்றரை ஆள் உயரம். நீங்கள் ஏணி ஏறிப் போய் இடது ஓரத்தில் மேலே உட்கார்ந்திருப்பீர்கள், வலது பக்கம் ஒட்டி ஒரு ஜீப் நின்றால் உங்கள் கண்ணுக்கு அப்படி ஒரு ஜீப்பே கிடையாது. குழிக்குள் போகும் ஜீப்புகளில் நீளக் கம்பி நட்டு உச்சியில் கொடி கட்டுவது இதற்காகத்தான், அழகுக்கு இல்லை.

லாரிக்காரர்கள் முதலில் விடவேண்டிய பழக்கம் கால் பிரேக். வெறும் வண்டியே ஏறக்குறைய 70 டன், சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். அதற்கென்று, கால் பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிடார்டர் இருக்கிறது, சரியான கியரில் அதைப் போட்டு, எஞ்சின் வேகத்தைப் பார்த்தபடி இறங்கவேண்டும். சுரங்கச் சாலையின் சரிவு 16-க்கு 1-ஐ (16 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான், ஆனால் மழை பெய்து களிமண் வழுக்க ஆரம்பித்தால் அந்தச் சரிவே அதிகம்.

அடுத்தது கொட்டுமிடம். ஓரத்தில் சக்கர உயரத்துக்கு மண்வரப்பு போட்டிருப்பார்கள். வண்டியை அதற்கு நேர்செங்குத்தாகப் பின்னால் கொண்டுபோய், வரப்பு கண்ணில் படும் இடத்தில் நிறுத்திக் கொட்டவேண்டும். சக்கரம் வரப்பில் முட்டினால் நிற்கலாம் என்று சிலர் பழகிவிடுகிறார்கள், கேட்டால் "வரப்பு எதுக்கு இருக்கு" என்பார்கள். வரப்பு இருப்பது நீங்கள் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டுவதற்கு, 170 டன்னைத் தாங்குவதற்கு அல்ல. அடியில் இருப்பது நேற்றுக் கொட்டிய மண், அது இன்னும் உட்காரவே இல்லை.

நல்ல ஆபரேட்டரை வண்டியில் ஏறுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஷிப்ட் ஆரம்பத்தில் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், டயரில் வெட்டு இருக்கிறதா என்று தடவுவார், பின்னால் ஜோடியாக இருக்கும் இரண்டு டயர்களுக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். அந்தக் கல் ஓடும்போது தெறித்தால் பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடியையோ ஆளையோ பதம் பார்த்துவிடும். அப்புறம்தான் ஏறி ஹாரன், பின்னால் போகும்போது அலறும் மணி, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் சோதிப்பார். மொத்தம் பத்து நிமிஷ வேலை. ஷிப்ட் மாறும் அவசரத்தில் அந்தப் பத்து நிமிஷத்தை விழுங்கிவிட்டுப் புத்தகத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் டிக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சேராதீர்கள்.

ஹெவி லைசென்ஸ் இருந்தால் விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். உள்ளே போனால் மருத்துவப் பரிசோதனை உண்டு. கண், காது, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பார்கள். பிறகு தொழிற்பயிற்சி வகுப்பு, அப்புறம் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டலாம் என்று சுரங்க மேலாளர் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. 60 டன்னுக்கு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு 100 டன்னில் ஏறக் கூடாது. இன்னொன்று, இரவு 10 மணிக்கு ஏறும் சி ஷிப்ட் வாரக்கணக்கில் வரும். அதிகாலை மூன்று மணிக்கு மேல் கண் தானாகச் சொக்கும், ரோட்டில் டீக்கடை பார்த்து நிறுத்துகிற சுதந்திரம் அங்கே கிடையாது. பகலில் தூங்க வீட்டில் இடமும் அமைதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள்.

நெய்வேலியில் பெரிய சக்கரம் சுற்றி மண் வெட்டும் மெஷினை ஓட்ட என்ன படிக்கவேண்டும்? பிளஸ் டூ படிக்கிறேன்.
– சிதம்பரம் மாணவர்

அதற்கென்று தனிப் படிப்பு கிடையாது. பக்கெட் வீல் என்று சொல்வோம். 700 லிட்டர், 1400 லிட்டர் என்று காதில் விழுந்திருக்கும், அது சக்கரத்தில் இருக்கும் ஒரு வாளியின் கொள்ளளவு. ஜெர்மானியத் தொழில்நுட்பம், இங்கே வந்த பிறகுதான் அது நெய்வேலியோடு மல்லுக்கட்டப் பழகியது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடையில் இருந்த நாலு வருஷமும் மேல்மண்ணை எடுத்த கதைதான். கடலூர் மணற்பாறை என்று ஒன்று நடுவில் இருக்கிறது, வாளிப் பல்லையே தேய்த்துவிடும். அதனால் முதலில் துளைபோட்டு வெடிவைத்து இளக்கிவிட்டுத்தான் சக்கரத்தைக் கொண்டுபோவார்கள்.

நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது, அந்த மெஷின் தனியாள் இல்லை. சக்கரம் வெட்டுகிற மண் கன்வேயரில் விழுந்து, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்கு மாறி, கடைசியில் ஸ்ப்ரெடர் என்கிற மெஷின் அதை வெட்டி முடித்த குழியில் கொட்டும். நடுவில் ஒரு பெல்ட் நின்றால் மொத்த வரிசையும் நிற்கும். ஆகவே மெஷின் மேலே கேபினில் உட்காருகிறவர் ஒருவர் என்றால், அந்த வரிசையை ஓடவைக்கிறவர்கள் பலர்: பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன், பெல்ட் ஜாயிண்ட் போடுகிறவர், பம்ப் பார்ப்பவர். பம்ப் ஏன் என்றால், நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது, அதை இரவுபகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தரையே பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். (அந்த இறைப்பால் சுற்று வட்டாரக் கிணறுகளுக்கு என்ன ஆனது என்பது தனிப் பஞ்சாயத்து, சிதம்பரம்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.)

ஆகவே ஐடிஐயில் பிட்டர், எலக்ட்ரீசியன், டீசல் மெக்கானிக், வெல்டர் இதில் ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள், அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், மைனிங் டிப்ளமோ. அப்ரன்டிஸ் அறிவிப்பு வந்தால் விடாதீர்கள், ஒரு வருஷம் உள்ளே சுற்றிவந்தால் உங்களுக்கே பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். மழைக்காலத்தில் ஈரக் களிமண் பெல்ட்டுக்கு அடியில் உருளையில் அப்பிக்கொள்ளும், பெல்ட் ஒருபக்கமாக ஒதுங்கும், உடனே ஒருவருக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஓடுகிற பெல்ட்டிலேயே சுரண்டிவிடலாம் என்று தோன்றும். மண்வெட்டிப் பிடி மாட்டினால் கை அதோடு போகும், விடுவதற்கு நேரமே இருக்காது. பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் பெல்ட் நிற்கும். இழுத்து, நிறுத்தி, மின்சாரத்தையும் பூட்டிவிட்டு, அதன் பிறகு சுரண்டலாம்.

மைனிங் டிப்ளமோ முடித்துவிட்டேன். சர்தார், மேட், போர்மேன், ஓவர்மேன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எது வேண்டும்? எங்கள் ஊரில் சிமென்ட் ஆலைச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள்தான் இருக்கின்றன.
– அரியலூர் வாசகர்

குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, வேலை விளம்பரம் போடுகிறவர்களுக்கே இருக்கிறது. இவையெல்லாம் சுரங்கத்தில் வேலையை நேரில் மேற்பார்வை பார்க்கிறவர்களின் பதவிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ். இரண்டு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி ஒரு குடும்பம், பழுப்பு நிலக்கரியும் அதில்தான் சேரும். அங்கே சர்தார், அவருக்கு மேல் ஓவர்மேன். மற்ற கனிமங்கள் இன்னொரு குடும்பம்; சுண்ணாம்புக்கல், இரும்புத்தாது, மேக்னசைட், கிரானைட் எல்லாம் அதில். அங்கே மேட், அவருக்கு மேல் போர்மேன். வெடி வைக்க பிளாஸ்டர் சான்றிதழ், அளவுக்கு சர்வேயர். மேலாளர் சான்றிதழ் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று தனியாக இருக்கிறது. எல்லாம் தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் தருவது, டிஜிஎம்எஸ் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரு குடும்பத்துச் சான்றிதழை வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தில் நேராகப் போய் உட்கார முடியாது.

அரியலூரிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் போர்மேன் சான்றிதழ்தான் உங்களுக்கு. அதற்கு முன்னால் டிப்ளமோவுக்குப் பிறகான ஒரு வருஷச் சுரங்கப் பயிற்சியை முடியுங்கள், முதலுதவிச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். அந்த முதலுதவித் தாளை அலட்சியப்படுத்திவிட்டுக் கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் ஏராளம்.

இன்னொரு சங்கதி. சான்றிதழில் "ரெஸ்ட்ரிக்டட்" என்று போட்டிருந்தால் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும்தான் செல்லும். அது இல்லாமல் வாங்க நிலத்தடிச் சுரங்கத்தில் பயிற்சி வேண்டும், தமிழ்நாட்டில் அப்படிப் பெரிய சுரங்கம் இல்லை. ஒரு காலத்தில் கோலார் தங்கவயல் நம் ஆட்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது, அது 2001 பிப்ரவரியோடு மூடியாயிற்று. இப்போது கர்நாடகத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம், நிலக்கரிக் குடும்பத்துக்காரர்களுக்குத் தெலங்கானாவில் சிங்கரேணி, அதைத் தாண்டினால் ஜார்கண்ட். கல்யாணம், குழந்தைகுட்டி என்று ஆவதற்கு முன்பு ஒரு வருஷம் அங்கே போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தால் வாழ்நாள் முழுக்கக் கூடுதல் மதிப்பு. நான் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் கேட்க யாரும் கிடைக்காத காலம் அது.

கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. சுரங்க வேலைக்குப் போகலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

போகலாம். ஆனால் சரிவு, கன அளவு, டன், ஒரு துளைக்கு எத்தனை கிலோ வெடிமருந்து, இதெல்லாம் கூட்டல் பெருக்கல் வகுத்தல்தான், அதுவும் வராது என்றால் வெடி பக்கம் மட்டும் போகாதீர்கள். மற்றபடி படிப்பைவிட எழுத்து முக்கியம். ஷிப்ட் முடிவில் "மூணாவது பெஞ்சில் கிழக்கு மூலையில் விரிசல், வண்டி விடவேண்டாம்" என்று அடுத்தவருக்குப் புரியும்படி ரெண்டு வரி எழுதத் தெரியவேண்டும். (பெஞ்ச் என்றால் சுரங்கச் சுவரில் படி மாதிரி வெட்டிய தட்டு.) இன்ஜினியர்களிலேயே பாதிப் பேருக்கு அது வருவதில்லை.

கிரானைட் குவாரியில் ஜாக்ஹாமர் பிடிக்கிறேன். ஒரு வருஷமாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் சளி மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. வாயில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.
– கிருஷ்ணகிரி வாசகர்

உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுதினேன், அச்சில் எந்த வரிசையில் வந்தாலும் சரி. சளி மருந்தை ஓரமாக வைத்துவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். போனவுடன் "கல் துளைக்கிற வேலை, இத்தனை வருஷம்" என்று நீங்களாகவே சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, மூச்சு அளவு ஊதிப் பார்க்கும் சோதனை மூன்றும் கேளுங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாவதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். அது இருப்பவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் அதிகம், ஒன்றை இன்னொன்று என்று தப்பாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. உங்களுக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை, எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். துண்டு தடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தூசியை. உள்ளே போய்த் தங்குவது கண்ணுக்குத் தெரியாத பொடி, அது துணியின் இழைகளுக்கு நடுவே சர்வசாதாரணமாகப் போய்விடும். முகத்தோடு ஒட்டி உட்காரும் தூசிமுகமூடி வேண்டும், அதுவும் இரண்டாவது காவல்தான். முதல் காவல் தண்ணீர். துளைக்கும்போதே கம்பி வழியாக உள்ளே தண்ணீர் போகிற மாதிரி இணைப்பு கிடைக்கிறது, அது இல்லாவிட்டால் துளைவாயில் தூசியை உறிஞ்சும் பை மாட்டலாம். தண்ணீர் விட்டால் துளை மெதுவாகப் போகும், சேறாகும், துளைக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அன்றைக்குக் காசு குறையும். ஆகவே மேஸ்திரி மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்கிற கூட்டாளியே "தண்ணி வேண்டாம்ணே" என்பார். அதுதான் இந்தத் தொழிலின் சாபம்.

நோய் உறுதியானால், பழைய சுரங்கச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில்நோய்களில் சிலிகோசிஸ் இருந்தது, 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது, 2025 நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. இழப்பீடு கேட்க நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குத் தாள் வேண்டும். வருகைப் பதிவு நகல், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கியில் கூலி விழுந்த வரி, எது கிடைக்கிறதோ எடுத்துவையுங்கள். அந்தப் புதிய தொகுப்புகளில் நியமனக் கடிதம் கட்டாயம் என்று இருக்கிறது, 40 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆண்டுக்கொருமுறை இலவச மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

விரல்கள் மரத்துப்போவது, குளிரில் வெளுத்துப்போவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஜாக்ஹாமர் அதிர்வால் வருவது அது. பரிசோதனை முடிவு வரும்வரை துளைபோடும் வேலை வேண்டாம், லாரி டிரிப் கணக்கு எழுதுவது போல் வேறு எது கிடைத்தாலும் செய்யுங்கள்.

என் மகள் பொறியியலில் மைனிங் எடுக்கவேண்டும் என்கிறாள். பெண்களை எடுப்பார்களா? உறவுக்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.
– சேலத்திலிருந்து ஒரு தாயார்

சிரிக்கட்டும் அம்மா. முன்பு சட்டமே குறுக்கே நின்றது. 1952 சுரங்கச் சட்டப்படி பெண்கள் நிலத்தடியில் இறங்கக் கூடாது, மேலே என்றாலும் காலை 6 மணியிலிருந்து மாலை 7 வரைதான். 2019 ஜனவரியில் அதைத் தளர்த்தி, எழுத்துமூலம் சம்மதம் வாங்கி, குறைந்தது மூன்று பேராக இரவு ஷிப்டிலும் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை பார்க்கலாம் என்றார்கள். ஜார்கண்டில் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் பெண்கள் டம்பரே ஓட்டுகிறார்கள். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் மைனிங் இருக்கிறது, மதிப்பெண் நிறைய இருந்தால் தன்பாத் ஐஐடி.

சிரமம் சட்டத்தில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது. பல சுரங்கங்களில் வேலை நடக்கும் முகத்திலிருந்து (முகம் என்பது பாறையையோ மண்ணையோ வெட்டுகிற சுவர்) அலுவலகம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும், ஜீப் வந்தால்தான் போகமுடியும், ஆண்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். கல்லூரிக் காலத்தில் பயிற்சிக்குப் போகும்போதே உங்கள் மகள் அதைக் கேட்டுப் பார்க்கட்டும், பதில் சொல்லுகிற விதத்திலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். வேலையில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்: திட்டமிடல், சர்வே, சரிவுகளின் உறுதியைக் கண்காணிப்பது, ட்ரோன் வைத்து அளவெடுப்பது என்று மேசையும் களமும் கலந்த வேலைகள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. ஆனால் மேலாளர் சான்றிதழ் வேண்டுமென்றால் வெயிலில் நின்றுதான் ஆகவேண்டும், அதில் ஆண் பெண் சலுகை இல்லை.

குவாரியில் ஹிட்டாச்சி ஓட்டுகிறேன். பாறையின் அடிப்பக்கத்தை நோண்டினால் மேலே இருப்பது தானாக விழும், வெடிச்செலவு மிச்சம் என்று ஓனர் சொல்கிறார். பயமாக இருக்கிறது. எப்போது விழும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– திருநெல்வேலி மாவட்ட வாசகர்

எப்போது விழும் என்று தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை, அடியில் நோண்டக் கூடாது. அது விதியிலேயே நேராகத் தடைசெய்யப்பட்டது. உங்கள் மாவட்டத்திலேயே அடைமிதிப்பான்குளத்தில் 2022 மே மாதம் நடந்தது மறந்திருக்காது. ராத்திரி நேரத்தில் ஆழமான குவாரிக்குள் பாறை சரிந்து ஆறு பேர் மாட்டினார்கள், நாலு பேர் பிழைக்கவில்லை. அதற்கு முன்பு, 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்டில் ராஜ்மகால் நிலக்கரிச் சுரங்கத்தின் லால்மட்டியா பகுதியில் மண்மேடு சரிந்து 23 பேர். இரண்டிலும் மெஷின் ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

சரி, நேர்மையான குவாரியிலும் பாறை விழும், ஆகவே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஏறி மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பெஞ்சின் மேல்பக்கம் போய் விளிம்பிலிருந்து தள்ளி நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாக முடி அளவு விரிசல் ஓடுகிறதா? ஓடினால் அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து நடுவில் டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். நாளைக்கும் அதே அளவு என்றால் தொடர்ந்து கவனியுங்கள், கூடியிருந்தால் அதன் அடியில் யாரும் நிற்கக் கூடாது. முகத்தில் நேற்று இல்லாத ஈரம், காரணமில்லாமல் பொடிக்கல் உதிர்வது, மழைக்கு மறுநாள் வருகிற வெயில், இவையெல்லாம் கெட்ட சகுனம். தொங்குகிற கல்லைக் கடப்பாறையால் தட்டினால் நல்ல பாறை கணீர் என்று கேட்கும், பிடிப்பு விட்டது பொத்தென்று கேட்கும். தட்டும்போது நீங்கள் நிற்கவேண்டியது பக்கவாட்டில், திரும்பி ஓட வழி இருக்கிற இடத்தில்.

மெஷினை நிறுத்தும் விதமும் இருக்கிறது. செயின் முகத்துக்கு நேராக இருக்கவேண்டும், அப்போதுதான் லீவரை இழுத்த மாத்திரத்தில் பின்னால் வரமுடியும். முகத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்தினால் திருப்பித்தான் ஓடவேண்டும், அதற்கு நேரம் கிடைக்காது. கேபின் முகத்தை ஒட்டிய பக்கம் இருக்கக் கூடாது. பெஞ்சின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், மேலேயிருந்து உருள்கிற கல் அந்த அகலத்தில் நின்றுவிடும் என்பதுதான் கணக்கு. ஆழமான குவாரிகளில் பெஞ்சே இல்லாமல் சுவர் மாதிரி நேராக இறக்கியிருப்பதைப் பார்த்தால் அங்கே வேலைக்குச் சேராதீர்கள். வெடி போட்ட மறுநாள் வெடிக்காத மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பிளாஸ்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பக்கெட்டை இறக்கவேண்டும், பழைய துளையிலேயே மறுபடி கம்பி விடுகிற ஆளைக் கண்டால் சத்தம் போட்டு நிறுத்துங்கள்.

உங்கள் ஓனர் "குவாரிக்கெல்லாம் சுரங்கச் சட்டம் கிடையாது" என்றும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். 1952 சுரங்கச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொகுப்பிலும் கட்டடக்கல் குவாரிக்கு விலக்கு உண்டுதான், ஆனால் ஆழம் 6 மீட்டருக்குள், ஆட்கள் 50 பேருக்குள், வெடிமருந்தே கிடையாது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான். உங்கள் குவாரியில் வெடிச்செலவை மிச்சம்பிடிக்கிறார் என்று நீங்களே எழுதியாயிற்று, அப்புறம் என்ன விலக்கு? டிஜிஎம்எஸ்ஸுக்கு எழுதலாம், சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. எழுதினால் வேலை போகும் என்ற பயம் நியாயமானதுதான், அதை நான் சும்மா தள்ளிவிடப் போவதில்லை. ஹிட்டாச்சி நன்றாக ஓட்டுகிறவருக்குத் தமிழ்நாட்டில் வேறு வேலை கிடைக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் சுரங்க டிரக் ஓட்டினால் லட்சக்கணக்கில் சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

கொடுக்காதீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா பகுதி இரும்புத்தாதுச் சுரங்கங்களில் சம்பளம் அதிகம் என்பது உண்மை, இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் விடுப்பு என்று விமானத்தில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிற ஏற்பாடு இருப்பதும் உண்மை. ஆனால் ஆளே இல்லாத டிரக்குகளை அதிகமாக ஓடவிடுகிற இடங்களில் அதுவும் ஒன்று. ரியோ டின்டோ நிறுவனம் ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரத்தில் உட்கார்ந்தே அந்தச் சுரங்கங்களைக் கவனிக்கிறது. அங்கே டிரக் ஓட்ட இந்தியாவிலிருந்து அனுபவமில்லாத ஆளை எதற்குக் கூட்டிப்போகப் போகிறார்கள்? அவர்களுக்குத் தட்டுப்பாடு கனரக டீசல் பிட்டர், எலக்ட்ரீசியன், மைனிங் இன்ஜினியர் மாதிரியானவர்களுக்குத்தான், அதற்கும் அனுபவம், ஆங்கிலத் தேர்வு, தகுதி மதிப்பீடு என்று வரிசையாக இருக்கிறது.

ஏஜென்டிடம் வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஈ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரியும். பதிவுபெற்ற ஏஜென்ட் தன் சேவைக்கு வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். மூன்று லட்சம் என்றதுமே பேச்சு முடிந்துவிட்டது. "டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டை ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், முதல் வேலையாகப் போய் அதைத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.